விடுதியை மூடாது புதுக்குதல்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கூட்டத்தில் இலக்கியம் பற்றிப் பேசுமாறே எம்மைப் பணித்தனர். யாமும் அதற்கே இசைந்திருந்தோம். ஆயினும் சென்ற திங்கள் நம் சங்கத்து அன்பர் ஒருவர் எம் இல்லம் போந்து ஒரு வினாவை எம்முன் வைத்தார். அவர் நாற்பது அறைகளும் ஓர் உண்டிச்சாலையும் உடைய விடுதி ஒன்றை நடத்துபவர். அவருடைய தந்தையார் எழுப்பிய அக்கட்டடத்தில் இப்பொழுது குழாய்கள் துருவேறிவிட்டன, மின்கம்பிகள் பழுதுற்றன, குளியலறைச் சுவர்களில் ஈரம் பாய்ந்து சுண்ணம் உதிர்கின்றது. மூடிவிட்டுப் புதுக்குவதா, நடத்திக்கொண்டே புதுக்குவதா என்பது அவர் வினா. மூடினால் முப்பத்தைந்து ஊழியர் எங்கே செல்வர் என்னுங் கவலை அவர் முகத்திலே எழுதியிருந்தது.

தமிழாசிரியனிடம் கேட்கத்தக்க வினாவோ இது என நீவிர் நகைக்கலாம். யாமும் நகைத்தோம். அவரோ நகையாது, "ஐயா, உங்கள் பள்ளிக்கூடத்தில் நடந்தது எனக்குத் தெரியும். அதனால்தான் உங்களைக் கேட்கிறேன்" என்றார். எம் நகை அடங்கிற்று.

அது யாதெனின், சில ஆண்டுகட்கு முன் யாம் பணிபுரிந்த பள்ளியொன்றில், வகுப்புகள் நடந்துகொண்டிருக்கையிலேயே மேற்கூரையைப் பழுதுபார்த்தனர். விடுமுறையில் முடியவேண்டிய வேலை முடிந்திலது. கீழே பாடம், மேலே சுத்தியல். ஒருநாள் ஓடு ஒன்று வழுவித் தாழ்வாரத்திற் சென்றுகொண்டிருந்த ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் தோள்மேல் வீழ்ந்தது. எலும்பு முறிந்தது. இரண்டு திங்களில் தேறினான் என்பதும், இன்று நன்னிலையில் உள்ளான் என்பதும் இறைவன் அருள். பின்னர் விசாரித்தபொழுது, அன்று அப்பக்கம் ஓடு பிரிக்கப்போவதாகச் சொல்லிவிட்டதாகக் கொத்தனார் கூறினார். எவரும் தம்மிடம் சொல்லவில்லை என்று அலுவலகத்தார் கூறினர். இருவர் கூற்றும் உண்மையே போலும். சொன்ன சொல் நடுவழியில் எங்கோ நின்றுவிட்டது. ஆனால் அவ்வழியே பிள்ளைகளை வரிசையாக அழைத்துச் சென்றவர் யாமே. மேலே நிமிர்ந்து பார்த்திருப்பின் பிரித்த கூரை தெரிந்திருக்கும். அன்று முதல், மக்கள் புழங்கும் இடத்தைப் புழக்கம் நிறுத்தாது புதுக்குவோர் அதனை எங்ஙனம் செய்கின்றனர் என்பதைக் கேட்டும் படித்தும் அறியும் வழக்கம் எமக்கு உண்டாயிற்று. பெரிய ஹோட்டல்களைப் புதுக்கும் வேலையிலேயே பல்லாண்டு கழித்த எம் பழைய மாணாக்கர் ஒருவரும் பல நுட்பங்களை விளக்கி உதவினார். அவற்றையே இன்று உங்கள்முன் வைக்கின்றோம்.

தொடங்குமுன் ஒரு சொல்லாராய்ச்சி. தமிழாசிரியன் வாயை முற்றும் அடைத்தல் முறையன்று. விருந்து என்னுஞ் சொல்லுக்கு முதற்பொருள் புதுமை என்பதே. புதிதாய் வந்தவன் ஆதலின் அயலான் விருந்தினன் எனப்பட்டான். ஆகவே விடுதி நடத்துவோன் நாடோறும் புதுமையை எதிர்கொள்பவன். அவன் தன் கட்டடத்தையும் புதுக்கப் புகும்பொழுது இரு புதுமைகளும் ஒரே வாயிலில் வந்து முட்டிக்கொள்கின்றன. இடுக்கண் அங்கேதான் பிறக்கின்றது.

இத்தகைய இடுக்கண் நம்மவர்க்குப் புதிதன்று. கோயிற் றிருப்பணி செய்யும்பொழுது கருவறை வேலை முடியுமளவும் வழிபாட்டை நிறுத்திவைக்கும் வழக்கம் நம் நாட்டில் இல்லை. பாலாலயம் என ஒரு சிற்றாலயம் அமைத்து, அங்கே பூசையைக் குறைவற நடத்திக்கொண்டு, இங்கே வேலையை முடித்து, பின்னர்க் குடமுழுக்குச் செய்கின்றனர். இளங்கோயில் என்பதும் அதுவே. மீயச்சூரிலுள்ள இளங்கோயில் அப்பர் அடிகளால் பாடப்பெற்றது. அத்துணைப் பழமையான ஏற்பாடு இது. புழக்கத்தைச் சிறிது நகர்த்திவைத்து, நகர்ந்த இடத்திலும் குறைவின்றி நடத்துவதே இதன் உயிர்நிலை. இனி நாம் காணப்போகும் பெருவிடுதிகளின் முறை அனைத்தும் இவ்வொன்றின் விரிவே என்று யாம் கருதுகின்றோம்.

மூடிவிடுதல் எளிதன்றோ என்பார்க்கு இலண்டன் மாநகரத்துச் சவாய் ஹோட்டலின் கதை விடையாகும். 2007 டிசம்பரில் அதனை மூடினர். உள்ளிருந்த தளவாடங்களை ஏலம் விட்டனர். பதினாறு திங்களில் திறப்பதாகக் கருதியிருந்தனர். சுவர்களைத் திறந்து பார்த்தபின்னரே பழுதின் அளவு தெரிந்தது. திறந்தது 2010 அக்டோபர் 10 ஆம் நாள். பத்துக்கோடிப் பவுன் எனக் கணித்த செலவு இருபத்திரண்டு கோடியாயிற்று. சிங்கப்பூர் இராபிள்ஸ் ஹோட்டலார் 2017 இல் பகுதி பகுதியாகத் தொடங்கி, அவ்வாண்டு டிசம்பரில் முழுவதும் மூடி, 2019 ஆகஸ்டில் திறந்தனர். இவற்றைக் குறையாகக் கூறுகின்றோமில்லை. உள்ளே எல்லாவற்றையும் ஒருங்கே பிரிக்கவேண்டிய கட்டடங்களும் உண்டு. மூடுதலும் ஒரு துணிபே. ஆனால் அது எளிய துணிபு என்று எண்ணற்க.

நடத்திக்கொண்டே புதுக்குவதன் கணக்கை ஒரு கற்பனை எண்ணாற் காட்டுவோம். ஆறு தளங்களும் தளத்திற்கு 50 அறைகளும் உடைய விடுதி ஒன்று என வைத்துக்கொள்க. ஒரு தளத்தை முடிக்க எட்டு வாரம் வேண்டும். வேலை நிகழும் தளத்திற்கு மேலும் கீழும் ஒவ்வொரு தளத்தை விருந்தினர் இன்றி விட்டுவைத்தல் வேண்டும்; ஒலியும் அதிர்வும் அவற்றிலே அடங்குவதற்கு. ஆகவே நடுத்தளங்களில் வேலை நிகழுங்கால் மூன்று தளங்களும், முதற்றளத்திலும் ஈற்றுத் தளத்திலும் நிகழுங்கால் இரண்டிரண்டு தளங்களும் வருவாயின்றிக் கிடக்கும். எல்லாம் கூட்டினால் 48 வாரத்தில் 6,400 அறைவாரங்கள் இழப்பு. இதனையே முழுவதும் மூடி 24 வாரத்தில் முடித்தால் இழப்பு 7,200. வேறுபாடு இவ்வளவுதானா என்று வியப்பீர்கள். யாமும் வியந்தோம், தாளில் இரண்டுமுறை போட்டுப் பார்த்தோம். ஆனால் 24 வாரம் 48 ஆகிவிட்டால் மூடியவன் இழப்பு இரட்டிக்கும். மூடாதவனுக்கோ, காலம் நீண்டாலும் பாதி அறைகளேனும் வருவாய் தந்துகொண்டிருக்கும். அன்றியும், பழகிய சமையற்காரர் வேறிடம் போய்விட்டால் அவர் கைமணத்தை எந்த ஒப்பந்தக்காரர் கட்டித் தருவார்? வாடிக்கையாய் வரும் விருந்தினர் ஓராண்டு வேறிடத்திற் றங்கிப் பழகிவிட்டால் மீள்வது அருமை. இவை கணக்கேட்டில் ஏறாத இழப்புகள்.

வேலையை மேற்றளத்திலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி வருதல் பலர் கைக்கொள்ளும் முறை. குழாய் உடைந்து நீர் ஒழுகினால் அது கீழுள்ள பழைய தளத்தையே கெடுக்கும். அதுவோ எப்படியும் பிரிக்கப்படுவது. கீழிருந்து மேற்சென்றால், நேற்று வண்ணம் பூசிய மச்சின்மேல் இன்று நீர் சொட்டும். ஆனால் தளந்தளமாகப் பிரிப்பதற்குக் குளியலறைக் குழாய்கள் இசைவதில்லை. அவை தளந்தோறும் ஒன்றன்மேல் ஒன்றாய் நிற்கும் அறைகளை ஊடுருவி மேலிருந்து கீழாக ஒரே தண்டாய் இறங்குபவை. ஓரிடத்தில் அடைத்தால் அத்தண்டைச் சார்ந்த அறையனைத்திலும் நீர் நின்றுபோம். இதனை அறியாது தொடங்கினவன், நான்காந் தளத்தில் வேலை செய்து இரண்டாந் தளத்து விருந்தினரைச் சோப்பு நுரையோடு நிறுத்துவான். ஆகவே பழைய குழாய் மாற்றவேண்டிய விடுதிகளில், தளத்தை விட்டுவிட்டுத் தண்டுவரிசையாகப் பிரித்துக்கொள்ளுதலே தக்கது என்பர்.

ஒலியைப் பற்றிச் சில சொற்கள். கான்கிரீட்டைத் துளைக்கும் பொறியின் ஓசை, காற்றிற் செல்வதைவிடக் கட்டடத்தின் எலும்பு வழியே நெடுந்தொலை செல்லும். ஒரு தளம் இடைவிட்டதனால் அது அடங்கிவிடாது. ஆதலின் அத்தகைய வேலைக்கு முற்பகல் பத்துமணிக்கு மேல் மாலை ஐந்துமணிக்குள் என நேரம் வரையறுத்து, மற்ற நேரத்தில் வண்ணம் பூசுதல், கம்பி இழுத்தல் போன்ற ஓசையற்ற வேலைகளைச் செய்கின்றனர். ஆயினும் இரவு முழுதும் வண்டியிற் பயணஞ்செய்து விடியலில் வந்து பகலில் உறங்குவோரும் விருந்தினரே. அவர்க்கு அப்பால் உள்ள மறுகோடி அறையைத் தருதல் வேண்டும். இதனைக் கட்டடத்தார் அறியார்; முன்வாயிலில் அறை கொடுக்கும் எழுத்தரே அறிவார். எனவே நாடோறும் காலையில் கட்டடத்து மேற்பார்வையாளரும், அறை கொடுப்பவரும், அறை துப்புரவு செய்வோர் தலைவரும், சமையற்கட்டுத் தலைவரும் ஒருங்கு நின்று, இன்று எங்கே என்ன நிகழும் என்பதைக் கால்மணி நேரம் பேசுதல் இன்றியமையாதது. எம் பள்ளியில் இல்லாதிருந்தது இக்கால்மணி நேரமே.

விருந்தினரிடம் மறைக்கலாகாது என்பதும் எம் மாணாக்கர் வற்புறுத்திய செய்தி. அறை வேண்டி எழுதும்பொழுதே, இன்ன நாள்களில் இன்ன வேலை நடக்கின்றது, நீச்சற்குளம் மூடியிருக்கும் என்று சொல்லிவிடவேண்டும். அதற்கேற்ப வாடகையைக் குறைக்கவேண்டும். முன்னரே அறிந்து வந்தவர் பொறுப்பர். வந்தபின் அறிந்தவர் தமக்கு நேர்ந்ததைப் பத்துப்பேரிடம் சொல்வர்.

இவ்வகையில் வியத்தகு செயலாக யாம் கருதுவது இலண்டன் கிளாரிட்ஜ்ஸ் ஹோட்டலில் நிகழ்ந்தது. இப்போதுள்ள அதன் முதன்மைக் கட்டடம் 1898 இல் திறக்கப்பட்டது. 1930 ஐ ஒட்டி மற்றொரு பகுதி சேர்க்கப்பட்டது. அரசகுலத்தாரும் செல்வரும் வந்து தங்கும் இடம். அதன் உடையோர்க்கு மேலும் இடம் வேண்டியிருந்தது. நாற்புறமும் மேபேர் என்னும் நெருங்கிய குடியிருப்பு, விரிய இடமில்லை. ஆகவே பூமிக்குக் கீழே ஐந்து தளங்கள் தோண்டுவதென எண்ணினர். விடுதியை மூடாமல் அதனைச் செய்தல் இயலாது என்று வல்லுநர் பலர் கைவிரித்தனர். பின்னர் அயர்லாந்துக்காரர் ஒருவர் இயலும் என முன்வந்தார்.

அவர் கொணர்ந்த வழி பெரும்பொறிகளின் வழியன்று. சுரங்கம் தோண்டுவோர் வழி. பின்புறத்தே ஆள் நுழையும் அளவான ஒரு சிறு வழியே மண் வெளியேறவும் கம்பியும் கான்கிரீட்டும் உட்செல்லவும் உதவியது. புதிய பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் கனமுள்ள கான்கிரீட் பாளத்தின்மேல் தெப்பம்போல் நின்றிருந்தது. அதன்கீழ் இலண்டன் நகரத்துக் களிமண். அயர்லாந்தின் டொனிகால் பகுதியிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளர் அப்பாளத்தின்கீழ் இடுங்கிய வழிகளைக் கைக்கருவிகளாற் குடைந்தனர். பின்னர், தூண் ஒவ்வொன்றும் நிற்கவேண்டிய இடத்தில் கிணறுபோல் ஆழ்ந்த குழி இறக்கி, அடியிற் கான்கிரீட் இட்டு, அதன்மேல் இரும்புத்தூண் நிறுத்திப் பாளத்தைத் தாங்கச் செய்தனர். இவ்வாறு கட்டடத்தின் பாரம் மண்ணினின்று தூண்களுக்கு மெல்ல மெல்ல மாறியபின், இடைமண்ணை ஒவ்வொரு தளமாகக் கீழ்நோக்கி அகற்றினர். மேலிருந்து கீழே வளர்ந்த வீடு அது! கட்டடம் அசைகின்றதா என்பதை நுண்கருவிகள் இடையறாது காட்டிக்கொண்டிருந்தன. மேலே கூடத்தில் விருந்தினர் தேநீர் அருந்திக்கொண்டிருந்தனர். அவர்தம் கோப்பைக்குக் கீழே இத்துணை நிகழ்வதை அவருட் பலர் அறியார். இடையே 2020 இல் பெருந்தொற்று வந்து அவ்விடுதியும் விருந்தினர்க்கு மூடப்பட்டது. எனினும் அது நோயால் வந்த அடைப்பேயன்றி வேலையால் வந்ததன்று. 2022 இல் பி.பி.சி. தொலைக்காட்சியார் இவ்வேலை முழுவதையும் ஒரு தொடராக வெளியிட்டனர். நம் இளைஞர்கள் தேடிக் காணலாம்.

செல்வர் நீராடவும் உடல்பேணவும் கொள்ளும் இடத்திற்காக ஏழைச் சுரங்கத்தார் இருட்டில் மண் சுமந்தனரே என்னும் எண்ணம் எமக்கும் எழாமலில்லை. ஆயினும் அவர் தம் கைத்திறனால் இயலாதென்றதை இயற்றிக் காட்டினர் என்பதை அவ்வெண்ணம் மறைக்கலாகாது.

வெற்றியைச் சொன்ன வாயாற் கேட்டையும் சொல்லுதல் கடன். அதே இலண்டனில் ஹைடு பார்க்கை அடுத்த மாண்டரின் ஓரியண்டல் ஹோட்டலில் பெருஞ்செலவிற் புதுக்கும் வேலை முடிவை எட்டியிருந்தது. 2018 ஜூன் 6 ஆம் நாள் தீப்பற்றிற்று. ஏறத்தாழ 120 தீயணைப்பு வீரர் போந்து போராடினர். விருந்தினரும் ஊழியரும் உயிர்ச்சேதமின்றி வெளியேறினர். வெளிச்சுவரில் நடந்த வெல்டிங் வேலையின் பொறியே காரணமாயிருத்தல் கூடும் எனத் தீயணைப்புத் துறையார் கண்டனர். விடுதி முற்றும் திறக்க அடுத்த ஆண்டாயிற்று. நெருப்புப்பொறி பறக்கும் வேலை முடிந்தவுடன் தொழிலாளர் கருவியைச் சுருட்டிக்கொண்டு போய்விடுதல் பெரும்பிழை. பொறி மரத்தூளிலோ பஞ்சிலோ ஒளிந்து கிடந்து பின்னரே கனலும். ஆதலின் வேலை முடிந்தபின் ஒருமணி நேரமாவது ஒருவர் அங்கே நின்று காத்தல் வேண்டும்.

இதனோடு ஒட்டிய மற்றொரு நுட்பம்: புகையைக் கண்டு மணியடிக்கும் கருவிகள் சுண்ணத்தூசியையும் புகையென்றே மயங்கும். அதனால் வேலையின்போது அவற்றிற்கு மூடி இடுவர். மாலையில் அம்மூடியைக் கழற்ற மறந்தால், இரவில் விருந்தினர் உறங்கும் விடுதி குருடாய் விடுகின்றது. மூடி இட்டவர் பெயரையும் கழற்றியவர் பெயரையும் ஏட்டிற் பதிதல் வேண்டும். தீக்காலத்தில் ஓடும் மாடிப்படியில் மெத்தைகளையும் கதவுகளையும் அடுக்கிவைத்தலும் நாம் நம் ஊர்களில் நாடோறும் காணும் குற்றம்.

நீரும் நஞ்சாகும். 1976 இல் அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியா நகரத்தில் ஒரு பெரிய ஹோட்டலிற் கூடிய முன்னாட் போர்வீரர் சங்கத்தாருள் இருபதின்மருக்கு மேற்பட்டோர் இனந்தெரியாக் காய்ச்சலால் மாண்டனர். காரணமாகிய கிருமி அடுத்த ஆண்டிற் கண்டறியப்பட்டது, நீரில் வாழ்வது, அச்சங்கத்தின் பெயராலேயே இலீஜியோனெல்லா எனப்படுவது. வெதுவெதுப்பாய்த் தேங்கிய நீரில் அது பெருகும்; நீர்த்திவலையோடு மூச்சில் ஏறும். வேலைக்காக அடைத்துவைத்த அறைகளின் குழாயில் நீர் வாரக்கணக்கில் தேங்குமன்றோ? ஆதலின் அவ்வறைகளின் குழாய்களை வாரம் ஒருமுறையேனும் திறந்து ஓடவிடுதல் வேண்டும். சங்கத்து அன்பரிடம் இதனைச் சொன்னபொழுது, "பூட்டிய அறைக் குழாயை யார் ஐயா திறப்பார்?" என்றார். அதுவே கேள்வி. யார் என்று பெயர் சொல்லி நியமித்தாலன்றி எவரும் திறவார்.

இறுதியாக மும்பை மாநகரத்துத் தாஜ்மகால் ஹோட்டல். 1903 இல் திறக்கப்பட்ட பழைய மாளிகை ஒன்றும், 1973 இல் அதன் மருங்கே எழுந்த கோபுரக் கட்டடம் ஒன்றுமாக இரு பகுதிகளை உடையது. 2008 நவம்பர் 26 ஆம் நாள் கொலைஞர் புகுந்து மூன்று நாள் செய்த கொடுமையை இங்கே விரிக்கமாட்டோம். விருந்தினரைக் காக்கும் முயற்சியில் ஊழியர் பலர் உயிர் நீத்தனர். அதன் மேலாளர் தம் மனைவியையும் இரு மைந்தரையும் அத்தீயில் இழந்தும் பணியை விட்டாரில்லை. மாளிகை எரிந்து சிதைந்தது. கோபுரமோ டிசம்பர் 21 ஆம் நாளே திறக்கப்பட்டது. ஒரு திங்களும் நிரம்பவில்லை. அங்கே விருந்தினர் வரவும், இங்கே மாளிகையில் கொத்தரும் தச்சரும் பழைய வேலைப்பாட்டை மீட்கவுமாக நாள்கள் சென்றன. 2010 ஆகஸ்டு 15 ஆம் நாள் மாளிகையும் திறந்தது. முன்னர்க் கூறிய இளங்கோயில் ஏற்பாடு இதனினும் தெளிவாய் வேறெங்கும் காணக் கிடைத்திலது.

இச்செய்திகளைத் திரட்டி அன்பரிடம் உரைத்தோம். அவர் விடுதி இத்துணைப் பெரிதன்று. ஐந்து தளம் தோண்டவும் போவதில்லை. எனினும் அவர் எம்மோடு அமர்ந்து நாற்பது அறைகளையும் தண்டுவரிசையாகத் தாளில் வரைந்தார். ஐந்து வரிசை ஆயிற்று, வரிசைக்கு எட்டறை. திருமணங்கள் இல்லாத ஆடித் திங்களில் தொடங்குவதென்றும், முதலில் ஓரே ஓர் அறையைப் புதுக்கி, அதில் தாமும் தம் மனைவியாரும் ஒரு வாரம் தங்கிக் குறைகண்டபின் மற்றவற்றைத் தொடுவதென்றும் முடிவுசெய்தார். ஊழியர் ஒருவரையும் நீக்குவதில்லை. அறை குறைந்த காலத்தில் சிலரை மூட்டை கட்டவும் காவல் நிற்கவும் குழாய் திறக்கவும் அமர்த்துவதென்றார். காலைக் கால்மணி நேரக் கூட்டத்திற்கு முதல் வாரம் யாமும் வந்து நிற்கவேண்டும் என்று கேட்டிருக்கின்றார். பள்ளி தொடங்குமுன் ஆறரை மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கின்றோம்.